அண்ணாமலை அடிவாரத்தில் நோயாளிகளோடு மூன்று நாள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்பவர், ஊர் வருவதற்கு வெகுநேரம் முன்னரே மலையைக் கண்டுவிடுவார். இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலையும், கரும்பும், நெல்லும் விளையும் சமவெளியின் நடுவே, ஏறக்குறைய 2,700 அடி உயரத்தில் அது தனித்து எழுந்து நிற்கிறது. இன்னும் சற்று நெருங்கினால் 217 அடி உயரமுள்ள பதினொரு நிலை இராஜகோபுரம் கண்ணில் படும். நம் இந்துச் சகோதரர்கள் இம்மலையையே இறைவனின் திருவுருவாகக் கொண்டு, அதன் அடியைச் சுற்றி 14 கிலோமீட்டர் தூரம் வெறுங்காலுடன் நடந்து வலம் வருகின்றனர். பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் அவ்வழியில் திரளும் மக்களைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இம்முறை நான் சென்றது மலையைப் பார்க்க அன்று. எங்கள் பங்கின் முதிய உபதேசியார் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கிளைக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் செபமாலை சொல்லிக் கூட்டத்தை நடத்தியவர். சாவு வீடுகளுக்கு எனக்கு முன்னே நடந்து சென்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். இடது பாதத்தில் ஏறிய கருவேல முள்ளை அவர் உணரவே இல்லை. சர்க்கரை வெகுகாலம் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன, இரத்த ஓட்டமும் குறைகிறது. புண் ஆறுவதில்லை, வலி தெரியாததால் நோயாளியும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் நம் உபதேசியார் புண்ணைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு, நான்கு மாதம் பழந்துணி சுற்றி மறைத்து வைத்திருந்தார். ஏன் என்பதை அவர் மகன் எனக்குச் சொன்னார். முந்திய ஆண்டு ஒரு சிறு கொப்புளத்திற்காக வேறோர் ஊர் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். கட்டுப் பிரித்தவர், வரிசையில் நின்ற முப்பது பேர் காதில் விழும்படி, “நாற்றம் எடுக்கிற வரைக்கும் வெச்சிருந்து இங்க வந்து எங்க உயிரை வாங்குறியே பெரியவரே” என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாராம். புண்ணுக்கு மருந்து சரியாகவே வைத்தார்கள், அது ஆறியும் விட்டது. ஆனால் உபதேசியார் அந்தப் படியை மறுபடி மிதிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மாதம் நான்கு முறை என் முன்னால் பூசைக்கு உதவியவர் அவர். அந்தப் பழந்துணியை நானும் பார்த்ததுண்டு. ஏதோ சிராய்ப்பு என்று எண்ணி வாளாவிருந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்த மாலை, அவருக்குக் காய்ச்சல் அதிகமாகிக் கண்ணயர்ந்திருந்தார். மகன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, “சாமி, காலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட யாரும் இன்னும் சொல்லல. நீங்க சொன்னா மறுக்க மாட்டாரு. கையெழுத்தை நானே போட்டுடறேன்” என்றார். நான் சரி என்று தலையசைத்தேன். நல்ல காரியத்திற்குத் துணைநிற்கிறோம் என்ற எண்ணமே அப்போது எனக்கு.

அவர் விழிக்கக் காத்திருந்த நேரத்தில், வளாகத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். நோயாளிகளோடு வந்தவர்களும், வெளி நோயாளிகளாக வந்து மறுநாள் பரிசோதனைக்காகத் தங்கிவிட்டவர்களுமாய் இருபது பேருக்கு மேல் அங்கே பாய் விரித்திருந்தார்கள். அங்கியைக் கண்டதும் ஒரு சிலர் நகர்ந்து இடம் கொடுத்தனர். ‘நல்ல ஆஸ்பத்திரி என்றால் உங்களுக்கு எது?’ என்று, பேச்சுக்குப் பேச்சாகத்தான் கேட்டு வைத்தேன். அன்று இரவு பத்து மணி வரை எனக்கு விடை கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் அப்பாலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு தாய், நல்ல ஆஸ்பத்திரி என்றால் வந்த அன்றே முடித்து அனுப்ப வேண்டும் என்றார். “நாளைக்கு வா” என்பது மருத்துவருக்கு இரண்டு சொல். அந்த அம்மாளுக்கோ அது ஒரு நாள் கூலி, இரண்டு பேருந்துக் கட்டணம், படுக்க ஓர் இடம், வீட்டில் கட்டிப் போட்ட ஆட்டுக்குத் தழை. மலையிறங்கி வருகிறவர்களுக்குத் தூரமே ஒரு நோய் என்பதைச் சமவெளியில் வாழும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு மூதாட்டி, “அங்க என்னைப் பதினாலாம் நம்பர்னாங்க. இங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளக் கையை நீட்டிய கதையை ஓர் இளைஞர் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மரத்தடியில் ஏழெட்டு ஊர்களின் பெயர் வந்திருக்கும்.

செங்கத்துக் கொத்தனார் ஒருவரோ, “ஊசி போடாத டாக்டர் என்ன சாமி டாக்டர்?” என்றார். சளிக்கும் ஊசி, அசதிக்குக் குளுக்கோஸ் பாட்டில், முதுகு வலிக்கு ஸ்கேன் என்று அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். இதை நான் ஒப்பமாட்டேன். சாதாரணச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் தானே தணிவது. வேண்டாத இடத்தில் போடும் ஊசியால் பயனில்லை என்பது மட்டுமல்ல, தீங்கும் வரலாம். நோயாளி சொல்வதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. ஆயினும் அக்கொத்தனாரை விடாமல் கேட்டதில் உண்மை ஒன்று வெளிப்பட்டது. அவர் வழக்கமாகப் போகும் இடத்தில் மருத்துவர் முகம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிடுமாம். ஊசி போடும் அந்த ஒரு நிமிடந்தான் யாரோ தம்மைத் தொட்டுக் கவனித்தார்கள் என்ற நிறைவு. அவர் காசு கொடுத்து வாங்கியது மருந்தை அன்று என்று எனக்குத் தோன்றியது.

வியப்பு என்னவெனில், அம்மரத்தடியில் எவருமே கட்டடத்தைப் பற்றியோ இயந்திரங்களைப் பற்றியோ பேசவில்லை. மாத்திரை இல்லை என்ற குறையும் எழவில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டு, அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்பத் தொடங்கிய பின்னர் நம் மாநிலம் இவ்வகையில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. இம்மாவட்டமும் 1989இல்தான் தனி மாவட்டமாயிற்று. இன்று அதன் தலைநகரில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியே நடைபெறுகிறது. அவற்றை மக்கள் அறியாமல் இல்லை. இருந்தும் அவர்கள் நினைவில் தங்கியிருப்பது, யார் எப்படிப் பேசினார் என்பதே. அமெரிக்காவில் பணியாற்றிய அவேதிஸ் டொனபேதியன் என்ற மருத்துவ அறிஞர் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை அளக்க மூன்றைப் பார்க்க வேண்டும் என்றார்: இருக்கும் வசதி, செய்யும் முறை, கிடைக்கும் பலன். மருத்துவ உலகம் இன்றுவரை இம்மூன்றையும் கொண்டே அளக்கிறது. மரத்தடி மக்களோ இரண்டாவதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது, அண்டை ஊர்களில் நடந்த இரு சம்பவங்கள் என் நினைவில் வந்தன.

ஒன்று, இங்கிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே சென்றால் வரும் திண்டிவனத்தில் நடந்தது. 1890களின் தொடக்கத்தில், அமெரிக்க மறைப்பணியாளர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் அங்கே பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடாவின் தந்தை மருத்துவர், உடனே வருவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம், அந்தப் பெண் வரட்டும் என்று மூவரும் மறுத்துவிட்டனர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்வூரில் மருத்துவரும் இருந்தார், மருந்தும் இருந்தது. இருந்தும் அந்தக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய மருத்துவம் அங்கே இல்லை. அக்குடும்பங்களை மூடர்கள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஐடா ஏசவில்லை. தாய்நாடு சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கண்டார். இன்று நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் நோயாளர் நாடி வரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. நம் பிரிந்த சகோதரர்களின் இந்தப் பணியைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பொறாமையும் உண்டாகும். நம் மாநில அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் கர்ப்பிணிக்குத் துணையாகப் பெண் உறவினர் ஒருவர் இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004இல் வந்தபோது, அந்த மூன்று வீட்டாரும் கேட்டதில் ஒரு பகுதியாவது நூறாண்டு கழித்துக் கிடைத்தது என்றே எண்ணினேன்.

மற்றொன்று, செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள பொலம்பாக்கத்தில். பெல்ஜியம் நாட்டு மருத்துவர் ஹெமரைக்ஸ், காங்கோவில் பல்லாண்டுகள் தொழுநோயாளருக்குப் பணிபுரிந்துவிட்டு, 1955இல் அங்கே வந்தார். தொழுநோய்க்கென்று கட்டிய மருத்துவமனைக்குள் ஒருவர் நுழைந்தாலே ஊரார் பார்வை மாறிவிடும். ஆகையால் நோயாளிகள் வரமாட்டார்கள். அதை அறிந்த அவர், மருத்துவமனையை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் போனார். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சாலையோரத்தில், ஒரு மரத்தடியில் வண்டி வந்து நிற்கும். சுற்றுக் கிராமத்தார் அங்கே வந்து மாத்திரை பெற்றுச் செல்வர். கதவும் இல்லை, சுவரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ‘மரத்தடி மருத்துவமனை’ என்று உலகெங்கும் பேசப்பட்ட அத்திட்டத்தை அவருக்குப் பின் மருத்துவர் கிளேர் வெல்லுட் அம்மையார் ஏற்று நடத்தினார். இந்நாட்டுக் குடியுரிமையே பெற்று இம்மண்ணில் உழைத்தவர் அவர். அக்காலத்தில் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். வெட்கப்பட்டு இடையில் நிறுத்தினால் எல்லாம் பாழ். நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் ஜெர்மன் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் துணையோடு வளர்ந்த தூய தோமா மருத்துவமனையும் இதே நோயாளருக்கு அடைக்கலமாயிற்று. 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, காலம் மாதக்கணக்காகக் குறைந்தது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீடு தேடி வந்தபோது, அந்த மரத்தடி வண்டிதான் என் நினைவுக்கு வந்தது.

உபதேசியாரும் வெட்கப்பட்டு நிறுத்தியவர்தானே? அவருக்கு மரத்தடி வண்டி வரவில்லை. பங்குத்தந்தையும் வரவில்லை.

மறுநாள் காலை, அவருக்கு ஏதேதோ பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்ததால், செங்கம் சாலை வழியாகச் சற்று நடந்தேன். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்திற்கு அருகே ஒரு முதிய சாது, மாவுக்கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். முந்திய இரவுக் கேள்வியையே அவரிடமும் கேட்டேன். சிரித்துக்கொண்டே, “கூட யாரு வந்திருக்காங்கன்னு கேக்காத ஆஸ்பத்திரி” என்றார். நம் ஊரில் நோயாளிக்குச் சோறு வாங்கி வருவதும், மருந்துச் சீட்டோடு ஓடுவதும், இரவு கண் விழிப்பதும் கூட வந்தவரே. கூட ஒருவரும் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். அவர் கை முறிந்து சென்றபோது ஓர் இடத்தில் இரண்டு நாள் திண்ணையில் கிடந்தாராம். மற்றோர் இடத்தில் ஒரு நர்ஸம்மா, ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் தம் பெயரையே எழுதிக்கொண்டு அவரை உள்ளே அனுப்பினாராம். உற்றார் உறவினரை விட்டு இம்மலையடிக்கு வந்து தங்கியவர்கள் எத்தனையோ பேர். நம் பங்குகளிலும், பிள்ளைகள் வெளியூரில் பிழைக்கப் போக, தனித்து நிற்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘கூட யார்’ என்ற கேள்விக்கு என்ன விடை?

அதே சாலையில் இரமணாசிரமம் இருக்கிறது. 1896இல் பதினாறு வயதுச் சிறுவனாக இவ்வூருக்கு வந்த இரமண மகரிஷி, பின்னர் இவ்வூரை விட்டு அகலாமல் வாழ்ந்து மறைந்த இடம். அவருடைய தத்துவத்தைப் பற்றிக் கருத்துரைப்பது என் வேலையன்று. அவர் கடைசி நாள்களைக் கழித்த சிறு அறை அங்கே அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் வாசலில் நின்றபோது, அவரும் இவ்வூரில் ஒரு நோயாளியாகப் படுத்திருந்தவர்தாம் என்ற எண்ணமே மேலோங்கியது. 1948ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள், மீண்டும் வளர்ந்தது. ‘சார்க்கோமா’ என்னும் கொடிய புற்று என்று தெரிந்தது. அவ்வாண்டுக்குள் நான்கு முறை அறுவை நடந்தது, ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் யோசனை கூறியபோது அவர் வேண்டாமென்றார். அவர்களும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பின்னரும் அவரைக் கைவிடாமல் வந்து பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். கடைசி நாள் வரை, தம்மைக் காண வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவர் இசையவில்லை.

அந்த வாசலில் நிற்கையில் எனக்குச் சுருக்கென்றது. அம்முனிவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வேண்டாமென்று சொல்ல முடிந்தது, ஏனெனில் முதலில் கேட்கப்பட்டார். நம் உபதேசியாரிடம் யார் கேட்டோம்? மகன் கையெழுத்திடுவார், சாமியார் சமாதானம் சொல்வார், கால் போய்விடும். நம் ஆண்டவரைப் பாருங்கள். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கிடந்தவனிடம், குணமாக விரும்புகிறாயா என்றே முதலில் கேட்டார். பார்வையற்ற பர்த்திமேயுவின் குறை என்னவென்று ஊருக்கே தெரியும். இருந்தும், தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். இப்பகுதிகளை நான் எத்தனையோ ஞாயிறுகளில் வாசித்துப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

நம் குருக்களின் குறையும் இங்கே கொஞ்சம் உண்டு. நான் குருமடத்தில் சேரும் முன், என் சிறு வயதில், நோயாளியின் வீட்டுக்குச் சாமியார் வருகிறார் என்றால் ‘முடிந்துவிட்டது’ என்று பொருள். அதன் பெயரே அவஸ்தைப்பூசுதல். 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அச்சடங்கைச் சீர்திருத்தி, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமன்று, கடும் நோயுற்றோர்க்கும் முதுமையில் தளர்ந்தோர்க்கும் உரிய அருட்சாதனம் என்று தெளிவாக்கினார். 1993 முதல், லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11ஐ உலக நோயாளர் தினமாக நாம் கொண்டாட வழிவகுத்தவர் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். சேத்துப்பட்டில் தராஸ் சுவாமியார் எழுப்பிய லூர்து அன்னை ஆலயத்திற்கு உபதேசியார் குடும்பத்தார் நேர்ச்சை வைத்திருந்ததும் அந்நாளுக்குத்தான். ஆனாலும் நம்மில் பலர் இன்னும் எண்ணெய்ச் செப்பை எடுத்துக்கொண்டு ஓடி, பத்து நிமிடத்தில் சடங்கை முடித்து, நோயாளியின் உறவினரோடு பேசிவிட்டுத் திரும்புகிறோம். நோயாளியோடு பேசுவதில்லை.

நண்பகலில் உபதேசியார் தெளிவாக விழித்திருந்தார். நான் பேச வாயெடுக்கும் முன்னரே, “சாமி, காலை எடுக்கப் போறாங்கதானே? எல்லாரும் வெளியில போய்ப் பேசிட்டு வந்து சிரிக்கிறீங்க” என்றார். கோபம் இல்லை. களைப்பு மட்டுந்தான் குரலில். “என்னைக் கேக்கலியே சாமி” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கலங்கினார், அப்பா மறுத்துவிட்டால் உயிருக்கல்லவா ஆபத்து என்றார். அது உண்மையான அச்சம். அன்பினாலேதான் குடும்பங்கள் மறைக்கின்றன என்பதை நான் அறியாதவன் அல்லன். எனினும் இருவருமாகச் சென்று பணியிலிருந்த இளம் டாக்டரம்மாவிடம், நோயாளியிடம் நேரே பேச முடியுமா என்று கேட்டோம். “நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்க” என்று அவர் மகனைப் பார்த்தார். பிறகு, சுற்று முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, உபதேசியாரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க காலைப் பத்திப் பேசணும். இப்ப பேசலாமா?”

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு காலை வரைந்தார். இரத்தம் எதுவரை போகிறது, எங்கே நின்றுவிட்டது, அழுகல் மேலே ஏறினால் என்ன ஆகும் என்று கோடு போட்டுக் காட்டினார். எடுக்காவிட்டால் விஷம் இரத்தத்தில் கலந்து உயிர் போகும் என்பதையும் மறைக்கவில்லை. எடுத்தாலும், அவர் வயதுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து இல்லாமலில்லை என்றார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்களைக் கவனிப்பதை விடமாட்டோம் என்றும் சொன்னார். பத்து நிமிடம் இருக்கும்.

உபதேசியார் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “முழங்கால் இருக்குமாம்மா?” என்று கேட்டார்.

“முழங்காலுக்குக் கீழே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா விட்டு எடுக்கத்தான் பார்க்கிறோம். ஏன் ஐயா?”

“முழந்தாள்படியிட்டு ஜெபிக்கணும்மா.”

அந்த மருத்துவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் சிரிக்கவில்லை. “வாக்குக் கொடுக்க முடியாது ஐயா. திறந்து பார்த்தாத்தான் தெரியும். ஆனா முழங்கால் உங்களுக்கு முக்கியம்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன். சீட்டுலயும் எழுதறேன்” என்று எங்கள் கண்ணெதிரிலேயே எழுதினார். மகனுக்கும் எனக்கும் இப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை. எங்களுக்குக் கால் இருக்குமா, போகுமா என்பதே கணக்கு. அவருக்கு மட்டுந்தான் அதில் எந்தப் பகுதி வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

ஒப்புதல் தாளில் உபதேசியார் தம் கையாலேயே, பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவது போல, எழுத்து எழுத்தாகப் பெயரெழுதினார். அன்று மாலை நோயில்பூசுதல் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினர்.

மூன்றாம் நாள் காலையில் அறுவை நடந்தது. முழங்காலைக் காப்பாற்ற முடிந்தது. இன்னும் பல வாரம் புண் ஆற வேண்டும், பின்னர் செயற்கைக் கால், அதற்குப் பயிற்சி. நல்ல கால் என்று மிஞ்சியிருக்கும் வலது பாதத்தையும் இழக்காமலிருக்க வேண்டுமே என்பதற்காக, நர்ஸம்மா ஒருவர் மருமகளுக்குக் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். வெறுங்காலுடன் நடக்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது, கொப்புளம் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது என்றார். சர்க்கரை நோயுள்ளவர் இருக்கும் நம் வீடுகள் எல்லாவற்றிற்கும் இது பொருந்தும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலில் பதினேழு உரிமைகள் உள்ளன. தம் நோயையும் சிகிச்சையையும் பற்றி அறிந்துகொள்வதும், தம் சம்மதத்தோடு சிகிச்சை பெறுவதும், மரியாதையோடு நடத்தப்படுவதும் அவற்றுள் சில. சட்டம் தெரியாத உபதேசியார் அவற்றுள் ஒன்றை மூன்று சொல்லில் கேட்டுவிட்டார்.

எங்கள் பங்கில் திரும்பி வந்தபின் வின்சென்ட் தே பவுல் சபையார் கூடிப் பேசி, மருத்துவமனைக்குத் தனியாகச் செல்லும் முதியவர்களோடு வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் போய்வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ‘கூட யார்’ என்றால் பெயர் சொல்ல ஓர் ஆள். பெரிய காரியம் ஒன்றுமில்லை. பேருந்துக் கட்டணம், ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். முதல் வாரம் போனவர், காத்திருக்கும் நேரம் தாங்காமல் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாரம் வேறொருவரை அனுப்பினோம்.

நான் திருவண்ணாமலையிலிருந்து விடைபெற்ற மாலை, உபதேசியார் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. தவக்காலம் தொடங்க இன்னும் சில நாள்களே இருந்தன. கிளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிலுவைப்பாதை யார் நடத்துவார் என்று கேட்டார். நானே வருவதாகச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“பதினாலு ஸ்தலம். ஒவ்வொண்ணுக்கும் முழந்தாள்படியிடணும். இந்த வருஷம் என்னால ஆகாது சாமி. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”